பிளக் யாருடைய சுவரில்?

மின்சார ஸ்கூட்டர் சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூருக்குப் புதிதல்ல. 1949-இல் தொடங்கி இங்கே சைக்கிள் செய்துவந்த டி.ஐ. சைக்கிள்ஸ், 2000-களின் பிற்பகுதியிலேயே பி.எஸ்.ஏ. என்ற தன் பழகிய பெயரில் மின் ஸ்கூட்டர்களை விற்றது. உள்ளே இருந்தது ஈய-அமில பேட்டரி. தூக்க முடியாத கனம். இரவெல்லாம் சார்ஜ் போட்டால் சில பத்து கிலோமீட்டர் ஓட்டம். ஓரிரு ஆண்டில் பேட்டரியையே மாற்ற வேண்டிய நிலை. மத்திய அரசு 2010 இறுதியில் கொடுக்கத் தொடங்கிய சிறு மானியமும் 2012 மார்ச்சோடு நின்றுபோனது. அந்த ஆண்டுகளில்தான் தமிழ்நாடு மின்வெட்டில் தவித்தது. வீட்டு விளக்குக்கே கரன்ட் இல்லாத நாட்களில் கரன்ட் வண்டியை யார் நம்புவார்கள்? வண்டிகள் தெருவிலிருந்து மறைந்தன. ஆனால் அவை விட்டுச்சென்ற பேச்சு மறையவில்லை. "பேட்டரி வண்டியா? ரெண்டு வருஷத்துல பேட்டரி போயிடும், அப்புறம் பழைய இரும்புக்குத்தான் போடணும்" என்று இன்றும் டீக்கடையில் சொல்பவர்கள் கதை கட்டுவதில்லை. அன்று கண்டதைச் சொல்கிறார்கள். பேட்டரி லித்தியத்துக்கு மாறி, எட்டு ஆண்டு வரை உத்தரவாதம் தர நிறுவனங்கள் முன்வந்த பிறகும் அந்த நினைவின் மேல்தான் புதிய வண்டியின் விற்பனை நடக்கிறது.

டி.ஐ. சைக்கிள்ஸை நடத்தும் அதே முருகப்பா குழுமம் 2022-இல் மோன்ட்ரா என்ற பெயரில் மின் ஆட்டோவோடு அம்பத்தூரில் மறுபடி களமிறங்கியது. மின் வண்டியை மக்கள் ஏன் வாங்குகிறார்கள், ஏன் வாங்குவதில்லை என்ற கேள்விக்கு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தை நான் தேர்ந்தெடுத்ததற்கு இது ஒரு காரணம். வண்டியை வாங்குகிற மக்களாக மட்டும் இவர்களைப் பார்க்க முடியாது. வண்டி செய்கிற மக்களும் இவர்களே. பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா ஆகியவை 1960-களின் தொடக்கத்தில் வேர்விட்டன. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கி, 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டின் சிறு பட்டறைகளில் லேத்திலும் மில்லிங்கிலும் நின்றவர்களுக்கு எஞ்சின் என்பது கைக்குப் பழகிய பொருள். பூந்தமல்லியைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். அங்கிருந்து 2025 ஜனவரியில் மின்சார கிரெட்டா வந்தது. வண்டியைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஊர், மின் வண்டியை வாங்கும் முன் எங்கே தயங்குகிறது, எங்கே துணிகிறது?

நுகர்வோர் நடத்தையை ஆராய்பவர்கள் இதற்கு ஒரு சட்டகத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள். ஐசக் அய்சன் என்ற உளவியலாளர் 1991-இல் விரிவாக எழுதிய திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு அது. ஒரு செயலைச் செய்யும் எண்ணம் மூன்றிலிருந்து பிறக்கிறது என்கிறார் அவர். அந்தச் செயலைப் பற்றி நமக்குள்ள மதிப்பு, நமக்கு வேண்டியவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற உணர்வு, அதைச் செய்யும் வசதி நம் கையில் இருக்கிறதா என்ற கணிப்பு. நம் கல்லூரிகளில் மேலாண்மை மாணவர்கள் எழுதும் மின் வாகன ஆய்வேடுகள் பலவும் இந்தச் சட்டகத்தைத்தான் பின்பற்றுகின்றன. ஆனால் கேள்வித்தாளின் பெரும்பகுதி முதல் அம்சத்துக்கே போய்விடுகிறது. "மின் வாகனம் சுற்றுச்சூழலுக்கு நல்லது, ஒப்புக்கொள்கிறீர்களா?" என்றால் யார்தான் மறுப்பார்கள்? ஒப்புக்கொண்டவர் மறுநாள் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டுகிறார். ஆய்வேடுகள் இந்த முரணை மனப்பான்மைக்கும் செயலுக்குமான இடைவெளி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

அந்த இடைவெளிக்கு இந்த வட்டாரத்தில் ஒரு முகவரி உண்டு என்பது என் வாதம். அது பிளக் பாயின்ட். வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், வாங்குபவரின் சொந்த மீட்டரில் இருந்து வரும் ஒரு பிளக். மற்ற காரணங்கள் பொய் அல்ல. ஆனால் அவை இதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கின்றன.

முதலில் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் இந்த ஊர் மக்கள் கணக்கில் ஏமாறுவதில்லை. சென்னையில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியே நிற்கிறது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் ஸ்கூட்டர் என்று வைத்துக்கொள்வோம். மின் ஸ்கூட்டருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு 35 யூனிட் போகும் என்று கொள்வோம்.

திருமுல்லைவாயலில் சொந்த வீடு உள்ள ஒரு குடும்பம். வீட்டிலிருந்து ஆவடி ரயில் நிலையம், மார்க்கெட், பிள்ளையை ட்யூஷனில் விடுவது என்று மாதம் 300 கிலோமீட்டர். பெட்ரோலுக்கு 670 ரூபாய். கரன்டுக்கு நூறு ரூபாய்கூட ஆகாது. மிச்சம் மாதம் அறுநூறு, ஆண்டுக்கு ஏழாயிரம் சொச்சம். மின் வண்டிக்கு இருபதாயிரம் கூடுதலாகக் கொடுத்தால் அது திரும்பி வர ஏறத்தாழ மூன்று ஆண்டு. வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம்.

அத்திப்பட்டிலோ காட்டுப்பாக்கத்திலோ அறை எடுத்துத் தங்கி உணவு, பார்சல் டெலிவரி செய்யும் இளைஞர். நாளுக்கு நூறு கிலோமீட்டர், மாதம் 26 நாள். பெட்ரோலுக்கு ஐயாயிரத்து எண்ணூறு ரூபாய் போகிறது. அதே ஓட்டம் மின் வண்டியில் என்றால் தொண்ணூறு யூனிட். வீட்டு உரிமையாளர் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்கினாலும் தொள்ளாயிரம். மாதம் நாலாயிரத்து தொள்ளாயிரம் மிச்சம். கூடுதல் விலை ஐந்தே மாதத்தில் கழிந்துவிடும்.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதிகம் ஓடுகிறவருக்குத்தான் லாபம் அதிகம், அவரிடம் பிளக் இல்லை. பிளக் உள்ள வீட்டுக்கு ஓட்டம் குறைவு. மேற்குப் புறநகரின் மின் வாகனச் சந்தை இந்த முடிச்சில்தான் சிக்கியிருக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டை நம்பி வந்தவர்களுக்காகப் பட்டறவாக்கம், மண்ணூர்ப்பேட்டை, கள்ளிக்குப்பம், அயப்பாக்கம் பக்கங்களில் எழுந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். கீழே உரிமையாளர், மேலே இரண்டு மாடியில் நான்கு குடித்தனம். தெருப்பக்கம் ஒரு படிக்கட்டு, படிக்கட்டின் அடியில் ஐந்தாறு வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. குடித்தனக்காரரின் கரன்ட்டுக்குச் சப்-மீட்டர். யூனிட் விலை உரிமையாளர் சொல்வதுதான். கீழே ஒரு பிளக் பாயின்ட் இருந்தாலும் அது உரிமையாளரின் மீட்டரோடு சேர்ந்தது. "வண்டிக்குச் சார்ஜ் போட்டுக்கலாமா சார்?" என்று கேட்பது சின்ன விஷயமல்ல. அடுத்த பதினோரு மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பாரா என்று நினைக்கிற ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன் நாலு முறை யோசிப்பார். யோசித்துவிட்டுப் பெட்ரோல் வண்டியே வாங்குவார். கேள்வித்தாளில் இது "சார்ஜிங் வசதிக் குறைவு" என்ற ஒரு வரியாகப் பதிவாகும். உண்மையில் இது வாடகை வீட்டில் ஒருவர் எவ்வளவு உரிமையோடு வாழ்கிறார் என்பதன் அளவு.

உரிமையாளர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. முதல் நூறு யூனிட் இலவசம். 500 யூனிட் என்ற கோட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும். 2024 ஜூலைக் கட்டணப்படி 500 யூனிட் பயன்படுத்தும் வீட்டுக்கு 1,805 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் இருநூறு ரூபாய்க்கு மேல் ஏறிவிடும். 460 யூனிட் பயன்படுத்திவந்த குடும்பம் மின் ஸ்கூட்டர் வாங்கி மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் பில்லில் 70 யூனிட் கூடும். தொகை 1,553-லிருந்து ஏறத்தாழ 2,300 ஆகும். அதாவது வண்டிக்குப் போன ஒவ்வொரு யூனிட்டுக்கும் பத்து ரூபாய்க்கு மேல். அப்போதும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் இரண்டு மாதத்துக்கு மூவாயிரத்து எழுநூறு மிச்சம் என்பதுதான் சரியான கணக்கு. ஆனால் பெட்ரோல் பங்கில் நூறும் இருநூறுமாகக் கரையும் பணம் கண்ணில் படுவதில்லை. ஈ.பி. பில் ஒரே தொகையாக வந்து நிற்கும்போது, அதுவும் ஏ.சி. ஓடும் மே மாதத்தில், வீடே அதைப் பேசுகிறது. டேனியல் கானமனும் ஏமஸ் டிவர்ஸ்கியும் 1979-இல் காட்டியது இதைத்தான். ஒரே அளவு லாபத்தைவிட ஒரே அளவு நட்டம் மனத்தில் அதிகம் உறைக்கும். பெட்ரோல் மிச்சம் கணவரின் சட்டைப்பையில் சேர்கிறது, பில்லின் உயர்வு வீட்டுச் செலவு நோட்டில் ஏறுகிறது என்றால், அந்த உறைப்பு இன்னும் கூடும்.

அடுக்ககங்களில் கதை வேறு மாதிரி. அங்கே சங்கம், பொது மீட்டர், கார் நிறுத்தத்தில் யார் பாயின்ட் எடுத்தார் என்ற விவாதம். மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகளில் 2019-இலேயே வாகன நிறுத்தத்தில் 20 விழுக்காட்டுக்குச் சார்ஜிங் வசதி வேண்டும் என்று திருத்தம் சேர்க்கப்பட்டது. அது புதிய பெரிய கட்டடங்களுக்கு உதவும். அயப்பாக்கத்தில் ஏற்கெனவே எழுந்து நிற்கும் மூன்று மாடி வீட்டுக்கு அது ஒன்றும் செய்யாது.

பிளக் கிடைத்தாலும் அடுத்து வருவது பயம். இது படிக்காதவர்களின் பயம் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. ஏனென்றால் இதற்கு அடிப்படை இருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் மாதவரம் அருகே மஞ்சம்பாக்கத்தில் ஒரு வண்டி எரிந்தது. ஏப்ரலில் போரூர்–குன்றத்தூர் சாலையில் மின் வண்டி ஷோரூமே எரிந்தது. பூந்தமல்லிக்காரர்கள் அதைச் செய்தியாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை, கடந்து போகும்போது பார்த்தார்கள். 2025 மார்ச்சில் மதுரவாயலில், குடியிருப்பு ஒன்றின் கீழே மின் பைக் தீப்பற்றியதில் ஒரு கைக்குழந்தை இறந்தது. பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 தரவிதிகளை மத்திய அரசு 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாகக் கடுமையாக்கியது. அதற்குப் பின் வந்த வண்டிகள் மேம்பட்டவை. இருந்தாலும் பயத்தின் மையம் பேட்டரி மட்டுமல்ல. அந்தப் படிக்கட்டும்தான். மேல்மாடிக் குடும்பங்கள் இறங்கிவர ஒரே வழி. அதன் வாயிலில்தான் வண்டிகள் நிற்கின்றன, அங்கேதான் சார்ஜும் ஏறும். 2024 பிப்ரவரியில் சீனாவின் நான்ஜிங் நகரில் மின் பைக்குகள் நிறுத்தியிருந்த கீழ்த்தளத்தில் பிடித்த தீ, மேலே வாழ்ந்த 15 பேரின் உயிரைக் குடித்தது. கட்டட அமைப்பைப் பற்றிப் பேசாமல் "பேட்டரி பாதுகாப்பானது" என்று மட்டும் சொல்லும் விளம்பரம் ஒரு தாயைச் சமாதானப்படுத்தாது. அவர் வேண்டாம் என்று சொன்னால் அது தவறும் இல்லை.

தண்ணீர் இன்னொன்று. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இந்தப் பக்கம் என்ன பாடுபட்டது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். மிக்ஜாமில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் இயந்திரங்களே முழுகின. கொரட்டூர், அம்பத்தூர், போரூர், செம்பரம்பாக்கம் என்று ஏரிகளுக்கு நடுவே வளர்ந்த ஊர்கள் இவை. பெட்ரோல் ஸ்கூட்டர் தண்ணீரில் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று தெருமுனை மெக்கானிக்குத் தெரியும். ஆயிலை மாற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, சில ஆயிரத்தில் வண்டியை எழுப்பித் தருவார். மின் வண்டியின் பேட்டரிக்கு ஐ.பி. 67 என்ற தரம் உண்டு; ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். மேற்குப் புறநகர் வெள்ளம் அரை மணி நேரத்தில் வடிவதில்லை. வாங்குபவர்கள் இதைத் தர எண்ணாகக் கேட்பதில்லை, "மழைக்காலத்துல என்ன சார் ஆகும்?" என்று கேட்கிறார்கள். விற்பனையாளர் பெரும்பாலும் மழைச் சாரலைப் பற்றிப் பதில் சொல்கிறார். கேட்டவர் நினைத்தது இடுப்பளவுத் தண்ணீரை.

இங்கேதான் மெக்கானிக் கேள்வி வருகிறது. பட்டறை ஊரின் மனம் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டூல் ரூமில் முப்பது ஆண்டு நின்ற ஒருவர் ஒரு பொருளைத் திறந்து பார்க்க முடிந்தால் நம்புவார். மின் வண்டியில் திறக்க முடிந்தவை பிரேக், சக்கரம், சஸ்பென்ஷன். கன்ட்ரோலரும் பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பும் மூடிய பெட்டிகள். நிறுவனத்தின் மென்பொருள் இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. அவர் மாற்றத்துக்குப் பயப்படுபவர் அல்ல, சி.என்.சி. வந்தபோது லேத்திலிருந்து அதற்கு மாறியவர். அவர் கேட்பது, "நின்னுபோச்சுன்னா யார் கிட்ட போறது?" என்பதுதான். அதோடு அவருக்கு வேறொன்றும் தெரியும். சக்கரமும் பிரேக்கும் மின் வண்டிக்கும் வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரும் பிஸ்டனும் வேண்டாம். தன் மகன் வேலை பார்க்கும் பட்டறை எதைச் செய்கிறது என்பதையும் அவர் நினைத்துக்கொள்கிறார். எந்த ஆய்வேட்டிலும் இந்தக் கேள்வியை நான் கண்டதில்லை.

அந்த மெக்கானிக் கேள்விக்குச் சந்தையே பதில் சொல்லியிருக்கிறது. 2024 ஏப்ரலில் நாட்டின் மின் இருசக்கர வாகன விற்பனையில் ஏறத்தாழ பாதி ஓலா எலக்ட்ரிக் கையில் இருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிரமாண்ட ஆலை, நல்ல தோற்றம், நிறைய வசதிகள், குறைந்த விலை. அந்த ஆண்டு அக்டோபரில், தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்களை முன்வைத்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதற்கு நோட்டீஸ் அனுப்பியது. சர்வீஸ் தாமதம் புகார்களில் முக்கியமானது. 2025 ஏப்ரலில் மாத விற்பனையில் முதலிடத்துக்கு வந்தது டி.வி.எஸ். அதன் ஐக்யூப் அதிவேக வண்டி அல்ல, மிக நீண்ட தூரம் போகிற வண்டியும் அல்ல. ஆனால் அந்தப் பெயர் போட்ட டீலர், அம்பத்தூர் வழியே போகும் சி.டி.எச். சாலையில் பல ஆண்டுகளாக இருக்கிறார். அப்பா மொபெட் வாங்கியதும் அதே பெயரில்தான். ஓசூரில் ஆலை வைத்திருக்கும் ஏதர், 2024 ஏப்ரலில் ரிஸ்டாவைக் கொண்டுவந்தபோது, வேகத்தை விட்டுவிட்டு அகலமான இருக்கையையும் காய்கறிப் பை வைக்கும் இடத்தையும் முன்னால் வைத்தது. இருவரும் கண்டுகொண்டது ஒன்றே. இந்த வண்டியை வாங்குவது ஒரு இளைஞனின் ஆசை அல்ல, ஒரு குடும்பத்தின் முடிவு.

அரசின் மானியம் முடிவை எவ்வளவு நகர்த்துகிறது என்று பலர் கேட்கிறார்கள். நகர்த்துகிறது, ஆனால் நிலையாக அல்ல. மத்திய அரசின் ஃபேம் மானியத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், 2021 ஜூனில் பேட்டரியின் ஒரு யூனிட் திறனுக்கு 15,000 ரூபாய் வரை இருந்தது. 2023 ஜூனில் 10,000 ஆனது, உச்சவரம்பும் விலையில் 40 விழுக்காட்டிலிருந்து 15-க்கு இறங்கியது. அதற்குப் பின் வந்த திட்டங்களில் 2024 ஏப்ரலில் 5,000. 2025 ஏப்ரலில் 2,500. அடுத்த மாதம் விலை ஏறும் என்ற செய்தி பரவும் மாதங்களில் ஷோரூம் நிறையும். அதற்கடுத்த மாதம் வெறிச்சோடும். தமிழ்நாடு அரசு சாலை வரியை முழுதாக விலக்கியது வாங்குபவருக்கு ஆன்ரோடு விலையில் நேரடியாகத் தெரிந்தது. அது நல்ல முடிவு. 2025 செப்டம்பரில் சிறு பெட்ரோல் வண்டிகளின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்ததும், 5 விழுக்காட்டிலேயே நிற்கும் மின் வண்டியின் சலுகை இடைவெளி சுருங்கியது.

இவை எல்லாமே பிளக் உள்ள வீட்டை நோக்கிப் பேசும் கொள்கைகள். 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் இணையவழிச் சேவைத் தொழிலாளர் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். என் கணக்கில் சரியான ஆளைத் தொட்ட அறிவிப்பு அது; யாருக்கு லாபம் அதிகமோ அவருக்கு. அவர் இரவு பதினொரு மணிக்கு வந்து வண்டியை எங்கே சொருகுவார் என்பது மட்டும் அதில் இல்லை. தைவானில் கோகோரோ நிறுவனம் 2015-இலேயே இந்தப் பிரச்சினையை வேறு பக்கத்திலிருந்து பிடித்தது. வண்டிக்குச் சார்ஜ் போட வேண்டாம். தெருமுனை நிலையத்தில் காலி பேட்டரியைக் கொடுத்து நிறைந்ததை எடுத்துக்கொண்டு போகலாம். அங்கும் மக்கள் அடுக்குமாடிகளில், ஸ்கூட்டரைத் தெருவில் நிறுத்தி வாழ்பவர்கள்தான். நார்வேயில் 2024-இல் விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பது மின்சாரக் கார் என்பதை எடுத்துக்காட்டி நம்மை ஊக்கப்படுத்துபவர்கள், அங்கே பெரும்பாலோர் தம் வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தைவானின் தெரு நமக்கு நார்வேயைவிட நெருக்கமானது.

இந்த வட்டாரத்தில் வண்டிகள் எங்கே நீண்ட நேரம் நிற்கின்றன என்று ஒரு வாரநாள் பார்த்தால், வீடு மட்டும் அதற்கு விடை அல்ல. ஆவடி, அம்பத்தூர் ரயில் நிலையங்களின் ஸ்டாண்டில் காலை விட்ட ஸ்கூட்டர் சென்ட்ரலிலிருந்து திரும்பி வரும் வரை பத்து மணி நேரம் வெயிலில் நிற்கிறது. பூந்தமல்லி பேருந்துப் பணிமனை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் மின் பேருந்துகளுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்தப் பேருந்தைப் பிடிக்க வருகிறவரின் ஸ்கூட்டர் வெளியே சாலையோரம் நிற்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் தகரக் கொட்டகை. ஷிப்டுக்கு வந்தவர்களின் வண்டிகள் எட்டு மணி நேரம் அதனடியில் வரிசையாக. கொட்டகையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று பேஸ் மின்சாரம் மெஷின்களுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு பிளக் பாயின்ட் வைக்க ஒரு நாள் வேலை.